பட்டன் தெறித்த கதை!

அன்று ஆபீஸில் மாதாந்திர மீட்டிங். மானேஜர் போர்டைப் பார்த்து ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். கீழே விழுந்த பேனாவை எடுக்க நான் குனிந்தேன். 'டப்'பென்று ஒரு சத்தம். என் சட்டையின் நாலாவது பட்டன் துப்பாக்கிக் குண்டு மாதிரிப் புறப்பட்டு, எதிரே இருந்த அக்கவுண்ட்ஸ் சீனியரின் காபி டம்ளரில் போய் விழுந்தது!

ரெண்டு விநாடி மௌனம். அப்புறம் ஒரே சிரிப்பு. மானேஜர்கூடச் சிரித்தார். நான் இன்கிரிமெண்ட் கேட்ட அன்றைக்குத்தான் அவர் கடைசியாக அப்படிச் சிரித்தது.

நானும் சிரித்தேன். குண்டாக இருப்பவனுக்கு முதல் பாடமே அதுதானே... மற்றவர்கள் சிரிப்பதற்கு முன்னால் தானே சிரித்துவிட வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து பழகிய வித்தை. 'பூசணி', 'அரிசி மூட்டை', 'டபுள் டெக்கர்' என்று நான் வாங்கிய பட்டங்களை எந்தப் பல்கலைக்கழகமும் தர முடியாது.

வயசு 36. உயரம் 170 சென்டிமீட்டர். எடை 94 கிலோ. குரோம்பேட்டையிலிருந்து பீச் ஸ்டேஷன் வரை மின்சார ரயிலில் போனால் மூணு பேர் ஸீட்டில் நான் உட்கார்ந்ததும் மற்ற ரெண்டு பேரும் ஒருவரையொருவர் பரிதாபமாகப் பார்த்துக்கொள்வார்கள்.

ஆனால், நான் டாக்டரிடம் போனது பட்டனுக்காக இல்லை.

ஒரு சாயங்காலம். ஆறு வயசு மகளை ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துக்கொண்டு டியூஷனிலிருந்து வந்துகொண்டிருந்தேன். சிக்னலில் சிவப்பு. நிறுத்தினேன். அவ்வளவுதான் ஞாபகம்.

"அப்பா... அப்பா! பச்சை விழுந்துடுச்சு! தூங்கறியாப்பா?"

பின்னால் பத்து ஹாரன். தூங்கித்தான் போயிருந்தேன். வண்டி நின்றிருந்ததால் பிழைத்தோம். ஓடிக்கொண்டிருந்தபோது அந்தத் தூக்கம் வந்திருந்தால்? வீடு வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டே போனேன். மகளுக்கு ஒரே குஷி. எனக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

மனைவியிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: "நீங்க குறட்டை விடறதுகூடப் பரவாயில்லைங்க. நடுவுல மூச்சே நின்னுபோகுது. மறுபடி வர்ற வரைக்கும் இருட்டுல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணிக்கிட்டே படுத்திருப்பேன். சொன்னா வருத்தப்படுவீங்கன்னுதான் சொல்லலை."

மறுநாளே கிளம்பினேன்.

பேண்ட் சைஸ் பொய் சொல்லும்!

ஹார்மோன், சர்க்கரை நோய் நிபுணர். ஐம்பது வயசு தாண்டிய அம்மா. 'வாயைக் கட்டுங்க' என்பார் என்று எதிர்பார்த்துத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவரோ, "இடுப்பு எவ்வளவு தம்பி?" என்றார்.

"36 இஞ்ச் டாக்டர். பேண்ட் சைஸ் அதுதான்."

"உங்க பேண்ட் தொப்பைக்குக் கீழே பயந்து ஒதுங்கி நிக்குது. நான் கேட்டது தொப்பையோட அளவை!"

டேப்பை எடுத்தார். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் வைத்து, மூச்சை விடச் சொல்லி அளந்தார். நான் வழக்கம்போல எக்கினேன். "எக்காதீங்க... கல்யாணத்துக்குப் பொண்ணா பார்க்கறோம்?" என்றார். 108 சென்டிமீட்டர். அதாவது, நாற்பத்திரண்டரை இஞ்ச்!

"நம்ம ஊர் ஆம்பளைங்களுக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைங்களுக்கு 80... அதுதான் எல்லைக் கோடு. இன்னும் சுலபமா சொல்லணும்னா, இடுப்புச் சுற்றளவு உயரத்துல பாதிக்குள்ள இருக்கணும். உங்க உயரத்துக்கு 85."

அடுத்தது பி.எம்.ஐ. எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 94-ஐ 2.89-ஆல் வகுத்தால் 32.5. இந்தக் கணக்கைப் போட்டவர் டாக்டரே இல்லை. 19-ம் நூற்றாண்டில் வாழ்ந்த பெல்ஜியம் நாட்டுப் புள்ளியியல் நிபுணர் கெட்லே. 'பி.எம்.ஐ.' என்று பெயர் சூட்டியவர் ஆன்சல் கீஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி, 1972-ல். உலகக் கணக்குப்படி 25-க்கு மேல் அதிக எடை, 30-க்கு மேல் உடல் பருமன். இந்தியர்களுக்கு இன்னும் கறார்: 23-லேயே மணி அடிக்கும், 25 வந்தால் பருமன்.

"அதென்ன டாக்டர், நமக்கு மட்டும் ஓரவஞ்சனை?"

அவர் ஒரு கதை சொன்னார். புனேயில் யாஜ்னிக் என்று ஒரு டாக்டர். லண்டனில் யுட்கின் என்று அவருடைய நண்பர், அவரும் டாக்டர். ரெண்டு பேருக்கும் பி.எம்.ஐ. ஒரே எண்: 22.3. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் லண்டன்காரர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், புனேக்காரர் உடம்பில் 21.2 சதவீதம்! 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் இருவரும் தங்கள் படத்தையே போட்டு இதை வெளியிட்டார்கள். பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. வயிற்றுக்குள் ஈரலையும் குடலையும் சுற்றிச் சேரும் அந்தக் கொழுப்புதான் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, மாரடைப்பு என்று வரிசையாக விருந்தாளிகளை அழைத்து வருகிறது.

ஆகவே, என்னைப் பார்த்துச் சிரித்த ஒல்லிக்குச்சி நண்பர்களே... நீங்களும் ஒரு டேப் வாங்குங்கள்!

மூளைக்குள்ளே ஒரு ஸ்டோர் கீப்பர்

"எல்லாம் என் தப்புதான் டாக்டர். வாய்க்கட்டுப்பாடு இல்லை" என்றேன்.

"யார் சொன்னது?"

"எல்லாரும்."

"எல்லாரும் டாக்டருக்குப் படிச்சிருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு ஆரம்பித்தார்.

மூளையில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு இடம். கல்யாண வீட்டு ஸ்டோர் கீப்பர் மாதிரி. சாமான் இருப்பு எவ்வளவு, இன்னும் எவ்வளவு வாங்கலாம் என்று ராத்திரி பகலாகக் கணக்குப் பார்ப்பது அவர் வேலை. கொழுப்பு செல்கள் 'லெப்டின்' என்ற ஹார்மோன் மூலம், 'ஸ்டாக் இருக்கு ஸார்' என்று அவருக்குத் தகவல் அனுப்பும். 1994-ல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழு இதைக் கண்டுபிடித்தது. காலி வயிறு 'கிரெலின்' என்ற ஹார்மோன் மூலம் 'பசி' என்று குரல் கொடுக்கும். இது ஜப்பானியர்கள் 1999-ல் கண்டுபிடித்தது.

அப்படியானால் லெப்டினை ஊசியாகப் போட்டால் எல்லாரும் இளைத்துவிடலாமே? அப்படித்தான் விஞ்ஞானிகளும் குதித்தார்கள். நடக்கவில்லை. குண்டானவர்கள் ரத்தத்தில் லெப்டின் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. ஸ்டோர் கீப்பருக்குத்தான் காது கேட்கவில்லை!

அதைவிட மோசம், பட்டினி போட்டால் அவர் 'பஞ்சம் வந்துடுச்சு' என்று அலறி, பசியை ஏற்றிச் செலவைக் குறைத்துவிடுகிறார். அமெரிக்க டி.வி.யில் எடை குறைக்கும் போட்டி ஒன்று பிரபலம். அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்துப் பரிசோதித்த ஆய்வு 2016-ல் வெளியானது. ஒருவரைத் தவிர மற்ற எல்லாருக்கும் எடை ஓரளவாவது திரும்பியிருந்தது. அந்த எடைக்கு உடம்பு எவ்வளவு எரிக்க வேண்டுமோ, அதைவிடச் சராசரியாகத் தினம் 500 கலோரி குறைவாகத்தான் எரித்தது. சும்மா இருப்பதற்கே உடம்பு கஞ்சத்தனம் பண்ணினால் ஆசாமி என்ன செய்வான்?

"பரம்பரையும் உண்டு" என்றார். டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்ட 540 பேரை ஆராய்ந்தார்கள். முடிவு 1986-ல் வந்தது. அவர்கள் உடல்வாகு, சோறு போட்டு வளர்த்தவர்களோடு ஒத்துப்போகவில்லை, பெற்றவர்களோடு ஒத்துப்போனது. என் அப்பாவின் கல்யாணப் போட்டோ ஞாபகம் வந்தது. மாலை அவர் வயிற்றின் மேல் படுத்துக்கொண்டிருக்கும்.

"ஆனா பரம்பரை துப்பாக்கியில குண்டை நிரப்பும், அவ்வளவுதான். விசையை இழுக்கிறது நாம வாழற வாழ்க்கை." அவர் போட்ட பட்டியல் இது:

தூக்கம்: சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை ரெண்டு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டார்கள். லெப்டின் 18 சதவீதம் குறைந்தது. கிரெலின் 28 சதவீதம் கூடியது. நைட் ஷிப்ட் பையன்கள் நள்ளிரவில் பரோட்டாக் கடையைத் தேடுவது சும்மா இல்லை.

பாக்கெட் தீனி: 2019-ல் அமெரிக்காவில் 20 பேருக்கு ரெண்டு வாரம் தொழிற்சாலைத் தயாரிப்பு உணவு, ரெண்டு வாரம் சாதாரணச் சமையல் கொடுத்தார்கள். சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் ரெண்டிலும் ஒரே அளவில்தான் பரிமாறினார்கள். வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பாக்கெட் உணவு கிடைத்த நாட்களில் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது!

மருந்துகள்: ஸ்டீராய்டு, சில மனநல மாத்திரைகள், சில சர்க்கரை மருந்துகள், இன்சுலின்... இவையும் எடை ஏற்றலாம். அதற்காக நாமே நிறுத்தக் கூடாது. டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

ஹார்மோன்: தைராய்டு குறைவு, அபூர்வமாக குஷிங் நோய்.

"அப்ப எனக்குத் தைராய்டா இருக்குமோ?" என்றேன் ஆசையாக. பழியைப் போட ஓர் ஆள் கிடைத்தால் சரி.

ரிசல்ட் வந்தது. தைராய்டு நார்மல். எனக்கு அத்தனை ஏமாற்றம்! ஈரலில் கொழுப்பு. மூணு மாச சராசரிச் சர்க்கரை 6.1, அதாவது சர்க்கரை நோயின் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன்.

நாற்பது ஸ்டாப் ரயில்

அப்புறம் தூக்கப் பரிசோதனை. உடம்பெல்லாம் ஒயர் மாட்டி ஒரு ராத்திரி தூங்கவிட்டார்கள். கழுத்திலும் நாக்கிலும் கொழுப்பு சேர்ந்தால், தூங்கும்போது தொண்டை அமுங்கி மூச்சு அடைபடும். பத்து விநாடியோ அதற்கு மேலோ நின்றால் ஒரு தடவை என்று கணக்கு. மணிக்கு 30-க்கு மேல் போனால் தீவிரம். எனக்கு 34!

தாம்பரம் - பீச் லோக்கல்கூட இத்தனை இடத்தில் நிற்காது. ஒவ்வொரு முறையும் மூளை தட்டி எழுப்புவதால், எட்டு மணி நேரம் படுத்தும் தூங்காதவன் நான். சிக்னலில் தூங்கியதற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை, வியாதி!

'ஸீபேப்' என்று ஒரு சின்ன மெஷின். மூக்கில் மாஸ்க் மாட்டி, காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும். குழாயோடு படுத்திருந்த என்னைப் பார்த்து மகள், "அம்மா, அப்பா யானை ஆயிட்டாரு!" என்று கைதட்டினாள். யானையாக இருந்தால் என்ன? மூணாவது நாள் காலையில் எழுந்தபோது, எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் தலை லேசாக இருந்தது.

மாத்திரை, ஊசி, கத்தி

சிகிச்சையில் முதல் படி சாப்பாடும் நடையும்தான். "பட்டினி வேண்டாம். கணக்குப் பார்ப்போம். ஒரு நாளைக்கு எத்தனை காபி, டீ?"

"அஞ்சு."

"சர்க்கரை?"

"கப்புக்கு ரெண்டு ஸ்பூன்."

"பத்து ஸ்பூன். 50 கிராம். 200 கலோரி. பசிக்காக இல்லை, பழக்கத்துக்காக!"

சர்க்கரை போச்சு. சோறு பாதி, அந்த இடத்தில் பருப்பு, சுண்டல், முட்டை, காய். ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே இறங்கி நடை. வாரம் ரெண்டு நாள் தசைக்கான பயிற்சி. "எடையில 5-லிருந்து 10 சதவீதம் குறைஞ்சாலே சர்க்கரை, பிரஷர், ஈரல் எல்லாம் நன்றி சொல்லும்" என்றார். அமெரிக்காவில் 2002-ல் வந்த பெரிய ஆய்வில், 7 சதவீத எடைக் குறைப்பையும் வாரம் 150 நிமிஷ நடையையும் இலக்காக வைத்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. நம் சென்னை டாக்டர் ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்விலும் உணவும் நடையும் 28.5 சதவீதம் குறைத்தன.

மூணு மாசம் ஒழுங்காக இருந்தேன். குறைந்தது மூணு கிலோ. அழுகையே வந்துவிட்டது.

"உங்க தப்பில்லை. ஸ்டோர் கீப்பர் சண்டை போடறார். அவர் காதுல போடற மருந்து பத்திப் பேசலாமா?" என்றார் டாக்டர்.

எடை குறைப்பு மருந்துகளின் பழைய சரித்திரம் அவ்வளவு அழகில்லை. 1930-களில் 'டி.என்.பி.' என்ற ரசாயனம் கொடுத்தார்கள். உடம்பு கொதித்துச் செத்தவர்கள் உண்டு. 'ஃபென்-ஃபென்' இதய வால்வைக் கெடுத்து 1997-ல் வாபஸ். சிபுட்ரமின், மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் 2010-ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாபஸ். ஆர்லிஸ்டாட் மாத்திரை ஆபத்து குறைவு. சாப்பாட்டுக் கொழுப்பில் மூணில் ஒரு பங்கு சேராமல் தடுக்கும். ஆனால் பலன் சுமார். பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு இதைப் போட்டால், எண்ணெய் வேறு வழியாக அவசரமாக வெளியேறும். ஆபீஸ் மீட்டிங்குக்குச் சிலாக்கியமில்லை!

புதிய ஊசிகளின் கதை வேறு. நம் குடலே சாப்பிட்டதும் ஜி.எல்.பி-1 என்ற ஹார்மோனைச் சுரந்து 'போதும்' என்று சொல்கிறது. சில நிமிஷங்களில் அது கரைந்துவிடும். அமெரிக்கப் பாலைவனத்தில் 'கிலா மான்ஸ்டர்' என்று ஒரு விஷப் பல்லி. அதன் விஷத்தில் இதே ஜாடையில், ஆனால் சீக்கிரம் கரையாத ஒரு பொருளை ஜான் எங் என்ற டாக்டர் 1992-ல் கண்டுபிடித்தார். அதிலிருந்து பிறந்த சர்க்கரை மருந்து 2005-ல் வந்தது. அந்தக் குடும்பத்தின் பிற்கால வாரிசுகள்தான் வாரம் ஒரு முறை போடும் செமாகுளூட்டைடும், டிர்செப்படைடும். ஆய்வுகளில் முன்னது 68 வாரத்தில் சராசரி 15 சதவீதமும், பின்னது அதிக அளவில் 72 வாரத்தில் சுமார் 21 சதவீதமும் எடையைக் குறைத்தன. எடைக் குறைப்புக்கான இந்த ஊசிகள் 2025-ல் இந்தியாவுக்கும் வந்துவிட்டன.

"ஆனா தம்பி, குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் வரலாம். பித்தப்பைக் கல், கணைய வீக்கம் அபூர்வம். குடும்பத்துல ஒரு வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தா கூடாது. சரியா சாப்பிடாம, உடற்பயிற்சி இல்லாம இருந்தா தசையும் கரையும். நிறுத்தினா எடை திரும்பும். செமாகுளூட்டைடை நிறுத்தினவங்களுக்கு ஒரே வருஷத்துல குறைஞ்சதில் மூணில் ரெண்டு பங்கு திரும்பிடுச்சு. பிரஷர் மாத்திரை மாதிரி நீண்ட கால விஷயம். செலவையும் யோசிங்க."

கத்தியும் உண்டு. பொதுவாக பி.எம்.ஐ. 35-க்கு மேல், சர்க்கரை மாதிரித் தொல்லைகள் இருந்தால் நம் ஊரில் 30 சுற்றுவட்டாரத்திலேயே யோசிப்பார்கள். 'ஸ்லீவ்' ஆபரேஷனில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். 'பைபாஸ்' முறையை 1960-களில் எட்வர்ட் மேசன் என்ற அமெரிக்க சர்ஜன் தொடங்கினார். அதிகமாகவும் நீடித்தும் எடை குறைவது இதில்தான். ஆனால் பெரிய ஆபரேஷனுக்குரிய அபாயம் இதற்கும் உண்டு. வைட்டமின் மாத்திரைகள் ஆயுசு முழுக்க. அனுபவமுள்ள குழு இருக்கும் இடத்தில்தான் செய்ய வேண்டும்.

நான் ஊசிக்குத் தலையாட்டினேன். ஆரம்பத்தில் சின்ன அளவு. நாலு வாரத்துக்கொரு முறைதான் ஏற்றினார். முதல் மாசம் பஸ்ஸில் டீசல் வாசனை வந்தாலே குமட்டல். அப்புறம் ஒரு நாள் கேன்டீனில் விநோதம் நடந்தது. தட்டில் பாதி வடை மிச்சம்! பக்கத்து ஸீட்காரர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். எனக்கே அப்போதுதான் புரிந்தது... மற்றவர்களுக்கெல்லாம் வடை இப்படித்தான் இருந்திருக்கிறது. அது அவர்களைக் கூப்பிடுவதே இல்லை. என்னை மட்டும் இத்தனை வருஷம் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் வென்றதுமில்லை, நான் தோற்றதுமில்லை. ரெண்டு பேருக்கும் நடந்தது வேறு வேறு பந்தயம்.

இதைக் கேள்விப்பட்ட ஒரு சக ஊழியர் டாக்டரைப் பார்க்காமலே, 'தெரிஞ்ச பையன்' மூலம் ஊசி வாங்கி, சீக்கிரம் இளைக்க எடுத்த எடுப்பிலேயே பெரிய அளவைப் போட்டுக்கொண்டார். ரெண்டு நாள் வாந்தி, ஆஸ்பத்திரியில் டிரிப். அவருக்கு அதிகம் இருந்தது நாலே கிலோ! தயவுசெய்து வேண்டாம் பிரதர்.

பத்து மாசம் ஆகிறது. இப்போது எடை 81. இடுப்பு 96. மூச்சு நிற்பது மணிக்கு 34-லிருந்து 14 ஆகியிருக்கிறது. பி.எம்.ஐ. 28, இன்னும் நான் குண்டன்தான். ஸ்கூட்டரில் மகள் நிற்கும்போது தூக்கம் வருவதில்லை. மாசச் செலவைப் பார்த்தால்தான் கொஞ்சம் தலை சுற்றுகிறது. பழைய சட்டைகளை ஆல்டர் செய்யக் கொடுத்தேன், டெய்லர், "என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார். இத்தனை நாள்தான் சரியில்லாமல் இருந்தது என்று அவருக்கு எப்படி விளக்குவது?

போன வாரம் மனைவியிடம் கேட்டேன். "இன்னும் ராத்திரி எண்ணறியா?"

"பழக்கம் விடுமா? இப்பவும் எண்ண ஆரம்பிப்பேன்" என்றாள். "ஆனா பத்து வர்றதுக்குள்ள நான் தூங்கிடறேன்."